தென்னாற்காட்டு மருத்துவ வரலாறு – 14: ஒட்டிய உறுப்பும் வாட்டும் மருந்தும்

மாற்று உறுப்பு பொருத்தப்பட்ட உடலுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. எதிர்ப்பாற்றலை அடக்காமல் விட்டால் உடல் அந்த உறுப்பை அந்நியமென்று கண்டு அழித்துவிடும். அளவுக்கு மீறி அடக்கினால் கிருமி குடியேறும், புற்று தலைதூக்கும், மருந்தே எலும்பையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். ஆகவே இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுகளின் வரலாறு பெரும்பாலும் மருந்தளவின் வரலாறாகவே அமைந்துவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு அதில் இன்னொரு கூறும் உண்டு. அறுவை நடப்பது வேலூரிலோ சென்னையிலோ புதுச்சேரியிலோ. காய்ச்சல் வருவது சொந்த ஊரில். இடையில் கிடக்கும் தூரமும் இங்கே ஒரு சிக்கலாகவே கணக்கில் சேரும்.

1993 செப்டம்பர் 30ஆம் தேதி வரை இந்த வட்டாரம் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1970களில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தவருக்கு இங்கிருந்து போக இருந்த வழிகள் சில. திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாக வேலூர் கன்டோன்மென்டைத் தொட்டுக் காட்பாடி செல்லும் மீட்டர்கேஜ் ரயில் விழுப்புரத்திலிருந்து புறப்பட்டது. திண்டிவனத்துக்காரர்களுக்கு வந்தவாசி, ஆரணி வழியாகப் பேருந்து. மற்றபடி சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலை. போகும் வசதி இவ்வளவு என்றால், ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்பப் போய்வரும் வசதியும் இவ்வளவுதான். மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

உலக அளவில் இதன் முதல் வெற்றி 1954 டிசம்பர் 23ஆம் தேதி பாஸ்டன் நகரில் கிடைத்தது. ஜோசஃப் மரே ஒத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். மரபணு ஒன்றே என்பதால் உடல் மறுக்கவில்லை; மருந்தும் தேவைப்படவில்லை. இரட்டையர் அல்லாதவர்களுக்கு இதைச் செய்ய முயன்றபோதுதான் தொல்லை தொடங்கியது. முதலில் உடல் முழுவதும் கதிர்வீச்சுப் பாய்ச்சி எதிர்ப்பாற்றலைக் கொன்றார்கள். உறுப்பு தங்கியது, ஆனால் பெரும்பாலான நோயாளிகள் கிருமித்தொற்றில் இறந்தார்கள். 1962இல் அசதியோப்ரின் என்ற மருந்து வந்தது. மறு ஆண்டு டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் அதனுடன் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்து, தொடங்கிவிட்ட மறுப்பையும் திருப்ப முடியும் என்று காட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் இந்த இரண்டு மருந்துகள்தான்.

மறுப்பில் மூன்று வகை உண்டு. முதல் வகை அறுவை மேசையிலேயே நிகழ்வது. ரத்தக்குழாய்களை இணைத்துக் கவ்வியை எடுத்ததும் இளஞ்சிவப்பாகப் பூரித்திருந்த சிறுநீரகம் சில நிமிடங்களில் நீலம் பாரித்துத் துவண்டுவிடும். முன்பு பெற்ற ரத்தமோ, கர்ப்பமோ, முந்தைய மாற்று உறுப்போ ஏற்கனவே உருவாக்கி வைத்திருந்த எதிர்பொருள்களே காரணம். 1969இல் படேலும் தெரசாகியும் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்கியது. கொடையாளியின் வெள்ளணுக்களை நோயாளியின் ரத்தநீர் கொன்ற 30 பேரில் 24 பேருக்கு உறுப்பு உடனே செத்தது. கொல்லாத 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. ‘கிராஸ் மேட்ச்’ என்று இன்று நோயாளிகளின் வீட்டார்கூடச் சொல்லும் சோதனை அங்கிருந்து கட்டாயமானது. மேசை மறுப்பு ஏறக்குறைய ஒழிந்தது. இரண்டாம் வகை முதல் வாரங்களிலும் மாதங்களிலும் வருவது. சிறுநீர் குறையும், கால் வீங்கும், ரத்தத்தில் கழிவு தேங்கி ‘கிரியேட்டினின் ஏறிடுச்சு’ என்ற செய்தி வரும். நேரத்தோடு பிடித்தால் ஊசி ஸ்டீராய்டில் பெரும்பாலும் அடங்கும். மூன்றாவது, ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உறுப்பை வடுவாக்குவது. அதற்கு இன்றும் நல்ல மருந்து இல்லை.

இந்தியாவில் முதல் முயற்சி 1965இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நடந்தது. நீடித்த பயன் தந்த முதல் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிறுநீரகவியல் மருத்துவர் கே.வி.ஜானி, அறுவை மருத்துவர் மோகன் ராவ் ஆகியோரின் குழுவால் செய்யப்பட்டது. வட தமிழகத்தின் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்குப் பிறகு வேலூர் இந்தச் சிகிச்சைக்கே பெயராகிவிட்டது.

அக்காலத்துச் சிக்கல்களில் ஸ்டீராய்டின் பங்குதான் பெரிது. நாளொன்றுக்கு 100, 200 மில்லிகிராம் என்று தொடங்கி மெல்ல இறக்குவார்கள். முகம் உருண்டு வீங்கும், கழுத்தின் பின்புறம் கொழுப்பு சேரும், தோல் மெலிந்து தொட்டால் ரத்தம் கட்டும். மார்பிலும் முதுகிலும் தேமல் படரும். முப்பது வயதில் கண்ணில் புரை விழும். வயிற்றுப் புண் வெடித்து இறந்தவர்கள் உண்டு. அதுவரை இல்லாத சர்க்கரை நோய் வந்துசேரும். இவை எல்லாவற்றையும்விட உழைக்கும் மக்களை முடக்கியது தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் நின்று அது சாவது. நடக்கையில் தொடையிடுக்கில் வலி என்று ஆரம்பித்து ஓரிரு ஆண்டில் இடுப்பு மூட்டு நொறுங்கிவிடும். குந்தி உட்கார முடியாதவர் நாற்றுப் பறிக்கவோ கடலைக் கொல்லையில் களை எடுக்கவோ முடியாது. சிறுநீரகம் நன்றாக இயங்கும், பிழைப்பு போய்விடும். மேலைநாட்டு மருத்துவ நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகின்றன. தரையில் அமர்ந்து வாழும் ஊர்களில் அதற்கு ஒரு வரி போதாது.

இவ்வளவு ஸ்டீராய்டு தேவையே இல்லை என்பதை 1970களில் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மேரி மெக்கௌன் காட்டினார். நாளுக்கு 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்த அவருடைய நோயாளிகள் அதிக அளவு பெற்றவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்கள். உலகம் அதை ஏற்கச் சில ஆண்டுகள் பிடித்தன. பெரிய மையங்கள் சொல்வதற்கு இருக்கும் காது சிறிய ஊரிலிருந்து வரும் உண்மைக்கு எப்போதும் இருப்பதில்லை.

அசதியோப்ரினின் தீங்கு எலும்பு மஜ்ஜையில். வெள்ளணுக்கள் சரியும், சிலருக்கு மட்டும் திடீரென்று, பயங்கரமாக. மருந்தை உடைக்கும் நொதிகளில் பிறவியிலேயே குறையுள்ளவர்கள் அவர்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஐரோப்பியரிடம் பெரும்பாலும் டி.பி.எம்.டி. என்ற நொதியில் அந்தக் குறை; இந்தியரிடமும் கிழக்காசியரிடமும் நட்-15 என்ற மரபணுவின் மாறுபாடே பெரிதும் பேசப்படுகிறது. இன்னொரு கண்ணி மருந்துக் கடையில் இருந்தது. கீல்வாதத்துக்குத் தரும் அலோபியூரினாலை அசதியோப்ரினுடன் சேர்த்தால் அசதியோப்ரின் உடையாமல் உடலில் பெருகி மஜ்ஜையை முடக்கும். மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு யூரிக் அமிலம் ஏறுவது வழக்கம். பெருவிரல் வலிக்கு உள்ளூரில் எழுதித் தந்த ஒரு மாத்திரையே உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும்.

சைக்ளோஸ்போரின் இந்தக் கதையைத் திருப்பியது. நார்வே நாட்டு மேட்டுநிலத்தின் மண்ணில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து பாசல் நகரத்து சாண்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்த பொருள் அது. எதிர்ப்பாற்றலை அடக்கும் அதன் குணம் 1972இல் அங்கே கண்டறியப்பட்டது. 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை மனிதர்களுக்குக் கொடுத்தார். உறுப்பு தங்கியது, ஆனால் சிறுநீரகம் சோர்ந்தது. மறுப்பைத் தடுக்க வந்த மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சு என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1979இல் வெளியான அடுத்த அறிக்கையில் 34 நோயாளிகளில் மூவருக்கு நிணநீர்ப் புற்று. உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வரை கொடுத்ததன் விலை அது. இன்று பராமரிப்புக்குத் தருவது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1983இல் அமெரிக்கா அனுமதி தந்த பின் மாற்றுச் சிறுநீரகத்தின் முதலாண்டு ஆயுள் எங்கும் உயர்ந்தது.

அதன் தீங்குகளில் ரத்த அழுத்தம், கை நடுக்கம், பொட்டாசிய உயர்வு போன்றவை பரிசோதனையில் தெரிபவை. கண்ணாடியில் தெரிபவை வேறு. ஈறு தடித்துப் பல்லை மூடும். முகத்திலும் கையிலும் கரிய மயிர் அடர்ந்து வளரும். ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் சேர்ந்தால் ஈறு இன்னும் தடிக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத இந்த மாற்றங்கள்தாம் இளம்பெண்களைச் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்த வைத்தன. நிறுத்தியதால் சிறுநீரகம் போனது. பக்கவிளைவு எது, சிக்கல் எது என்று மருத்துவர் பிரிக்கும் கோடு நோயாளியின் வாழ்க்கையில் இருப்பதில்லை.

விலை அடுத்த சிக்கல். 1980களின் நடுவில் இங்கு வந்த சைக்ளோஸ்போரின் இறக்குமதிச் சரக்கு. நிலத்தை விற்று அறுவைக்குப் பணம் கட்டிய குடும்பத்திடம் மாதாமாதம் மருந்துக்குக் கட்டப் பணம் இருக்காது. இந்திய மருத்துவர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, மறுப்பு அபாயம் மிகுந்த முதலாண்டுக்கு மட்டும் அதைக் கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டு அசதியோப்ரின், பிரெட்னிசோலோன் மட்டும் தொடர்வது. நிறுத்திய சில மாதங்களில் சிலருக்கு மறுப்பு வந்தது. தெரிந்தே எடுத்த சூதாட்டம் அது. மற்றது கொஞ்சம் தந்திரமானது. டில்டியாசெம் என்ற இதய மருந்தும் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் சைக்ளோஸ்போரினைக் கல்லீரல் உடைப்பதைத் தடுக்கும். இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் குறைந்த சைக்ளோஸ்போரினே போதும், செலவு குறையும். பாடநூல் ஆபத்தென்று எச்சரித்த மருந்து மோதலைச் சிக்கனமாக மாற்றிய இந்த வேலை இந்திய சிறுநீரகவியலின் கெட்டிக்காரத்தனம். கீட்டோகோனசோலை நோயாளி மறந்துவிட்டால் அளவு சரிந்து மறுப்பு வரும் என்பது அதன் மறுபக்கம். 1990களில் பானிமன் பயோரல் போன்ற இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகே நெருக்கடி கொஞ்சம் தளர்ந்தது.

இந்த மருந்துகளில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். அதனால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ‘லெவல் பார்ப்பது’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். காலை மாத்திரையைப் போடாமல், முந்தைய இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 160 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து 125. முதல் பேருந்தில் ஏறி, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்த பிறகு விழுங்கும் வழக்கம் இப்படி வந்தது. அவசரத்தில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வருபவருக்கு லெவல் பொய்யாக உயர்ந்து தெரியும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் அடுத்த மாதம் மறுப்பு.

பம்பளிமாஸ் பழமும் லெவலை ஏற்றும். அதன் நெருங்கிய உறவான கிரேப்ஃப்ரூட்டைப் பற்றிய எச்சரிக்கை மருந்துச் சீட்டில் இருக்கும். அந்தப் பழம் இங்கு விளைவதில்லை என்று நோயாளி அதைக் கடந்துபோவார்.

இனித் தொற்று. மேலைநாடுகளில் இதற்கு ஒரு கால அட்டவணை உண்டு: முதல் மாதம் அறுவைக் காயத் தொற்று, ஆறு மாதம் வரை சந்தர்ப்பவாதக் கிருமிகள், பிறகு சாதாரண ஊர்க் கிருமிகள். வேலூர் மருத்துவர்கள் 1996இல் வெப்பமண்டலத்துக்கென ஒரு கால அட்டவணையை வெளியிட வேண்டியிருந்தது. ஏனெனில் இங்கே ஊர்க் கிருமிகளே வேறு. அவற்றில் முதலாவது காசநோய். 1986 முதல் 1999 வரை வேலூரில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் சுமார் 13 சதவீதத்தினருக்குக் காசநோய் வந்தது. புதிதாகத் தொற்றியதைவிட, சிறுவயதில் நுழைந்து நுரையீரலில் அடங்கிக் கிடந்த கிருமி, காவல் தளர்ந்ததும் எழுவதே அதிகம். அதுவும் இருமல், சளி என்று வழக்கமான கோலத்தில் வராது. காரணம் தெரியாத காய்ச்சலாக, முதுகெலும்பு வலியாக, வயிற்று நீராக வரும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்.

கண்டுபிடித்த பிறகும் சிக்கல் முடிவதில்லை. காசநோய்க்குத் தலையாய மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கி சைக்ளோஸ்போரினை விரைவில் உடைத்துவிடும். அளவை இரண்டு, மூன்று மடங்கு ஏற்றினாலும் லெவல் எட்டாது. ஏற்றும் பணமும் இல்லை. ரிஃபாம்பிசினைக் கொடுத்தால் சிறுநீரகம் போகும், கொடுக்காவிட்டால் காசநோய் நீளும். ரிஃபாம்பிசினை விட்டுவிட்டு ஐசோனியசிட், எத்தாம்பியூட்டால், பைரசினமைடு, ஓஃப்ளாக்சசின் ஆகியவற்றை ஒன்றரை ஆண்டு வரை கொடுக்கும் முறையை இந்திய மையங்கள் கையாண்டது இதனால்தான். இங்கே ஊரமைப்பும் வினையானது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காசநோய் மாத்திரைப் பொதியில் ரிஃபாம்பிசின் இருக்கும். நோயாளி தன் மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லாமல் அதை வாங்கி விழுங்கினால் ஒரு வாரத்தில் லெவல் தரைதட்டிவிடும்.

காசநோயைப் போலவே வேடமிட்டு வரும் இன்னொரு நோய் இந்த வட்டாரத்தின் மண்ணிலேயே உண்டு. மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். 1911–12இல் ரங்கூனில் ஆல்ஃபிரெட் விட்மோரும் உடன் பணியாற்றிய சி.எஸ்.கிருஷ்ணசாமியும் இதை முதன்முதலாக விவரித்தார்கள். ஈர மண்ணிலும் நெல்வயல் நீரிலும் வாழும் பாக்டீரியா, காலில் உள்ள கீறல் வழியாகவோ மழைக்காலத்தில் மூச்சு வழியாகவோ நுழையும். சர்க்கரை நோயாளிகளையும் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்களையும் அதிகம் தாக்கும். நுரையீரலில் காசநோயைப் போன்ற நிழல், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி, மூட்டில் சீழ், சில சமயம் இரண்டே நாளில் மரணம். வேலூரும் புதுச்சேரி ஜிப்மரும் தேடத் தொடங்கிய பிறகுதான் இது தமிழகத்தில் அரிதல்ல என்று புரிந்தது. பல ஆய்வுக்கூடங்கள் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்று எழுதி ஒதுக்கிவிடும். காசநோய் மருந்துக்கு இது அசையாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்து நாள், பிறகு மூன்று மாதமோ மேலோ கோட்ரைமாக்சசோல் மாத்திரை தேவை. அந்த மாத்திரை கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் ஏற்றும் என்பதால் மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு அதையும் கண்காணித்தே கொடுக்க வேண்டும்.

செருப்பில்லாமல் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு குடலில் பல ஆண்டுகள் தொந்தரவின்றிக் கிடக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் பல்கிப் பெருகி நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும். மாற்றுக்கு முன் ஓரிரு நாள் ஐவர்மெக்டின் கொடுத்தால் தீர்கிற விஷயம் இது. வயலுக்குத் திரும்புவோரிடம் மருத்துவர்கள் செருப்பு, கையுறை என்று சொல்லி அனுப்புவது வழக்கம். சேற்றில் செருப்போடு இறங்கியவர் எவருமில்லை என்பதும் சொல்பவர்களுக்குத் தெரியும்.

டயாலிசிஸ் எந்திரத்திலிருந்தே வந்த தொற்றுகள் தனிக் கதை. மாற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் ஏற்றிய ரத்தமும் பகிர்ந்த எந்திரமும் மஞ்சள்காமாலை வைரஸ்களான பி, சி இரண்டையும் பரப்பின. சி வகைக்கு அன்றிருந்த முதன்மை மருந்தான இன்டர்ஃபெரானை மாற்றுக்குப் பிறகு கொடுத்தால் அது எதிர்ப்பாற்றலைத் தூண்டி உறுப்பை மறுக்கச் செய்யும். கல்லீரலைக் காப்பதா, சிறுநீரகத்தைக் காப்பதா என்ற நிலை. 2015 வாக்கில் சோஃபோஸ்புவிர் இந்தியத் தயாரிப்பாக மலிவில் வந்ததும் மூன்று மாத மாத்திரையில் இந்தச் சிக்கல் கலைந்தது. இத்துறையில் இவ்வளவு முழுமையாகத் தீர்ந்த சிக்கல் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

விலைக்கு வாங்கிய சிறுநீரகம் கொண்டுவந்த கேடுகளும் இதே காலத்தவை. 1980களில் பம்பாயில் சிறுநீரகம் வாங்கிப் பொருத்திக்கொண்டு நாடு திரும்பிய ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்ததை 1990இல் லான்செட் இதழ் வெளியிட்டது, சிலருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றியிருந்தது. சென்னையில் வில்லிவாக்கம் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயரெடுத்தது அப்போதுதான். 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. வறுமை அதற்குக் கட்டுப்படவில்லை. 2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு மறுஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 96 சதவீதத்தினர் கடன் அடைக்க விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதத்தினர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். 2004 சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெடித்தது. சிக்கல்களின் பட்டியலில் கொடுத்தவரின் பெயர் அதுவரை பெரிதாக இடம்பெறவில்லை.

உறவுக்காகக் கொடுப்பவருக்கும் ஆபத்து முற்றிலும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் எண்பதாயிரம் கொடையாளிகளுக்கு மேல் ஆராய்ந்ததில் அறுவையை ஒட்டிய மரணம் பத்தாயிரத்துக்கு மூன்று. பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் கர்ப்பகாலச் சிக்கல்களும் கொஞ்சம் கூடுகின்றன. இந்தியாவில் கொடுப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. வாங்கிக்கொள்பவர் பெரும்பாலும் ஆண். வாங்கியவர் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகிறார். கொடுத்தவரின் ரத்த அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவருடைய இதயம் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அரசு அந்த ஆண்டே மூளைச்சாவு உறுப்புக்கொடையை ஒழுங்குபடுத்தும் ஆணைகளை வெளியிட்டது. பின்னர் டிரான்ஸ்டான் என்ற உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. மூளைச்சாவு உறுப்புக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பனிக்கட்டியில் பல மணி நேரம் இருந்த சிறுநீரகம் பொருத்தியதும் விழிக்காமல் போகலாம். ஓரிரு வாரம் டயாலிசிஸ் தொடரும். அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம் என்பதால் தொலைவிலிருந்து வருபவரின் பயண நேரம் அந்தப் பனிக்கட்டி நேரத்தில் கூடுகிறது.

மருந்தும் இதற்குள் மாறியிருந்தது. ஜப்பானின் சுகுபா நகரத்து மண்ணில் 1984இல் கண்டெடுத்த டாக்ரோலிமஸ், மயிரையும் ஈறையும் விட்டுவைத்தது. பெண் நோயாளிகள் அதற்கு மாறினார்கள். பதிலுக்கு அது சர்க்கரை நோயைக் கூடுதலாகத் தருகிறது. ஏற்கனவே சர்க்கரை மலிந்த தமிழகத்தில் இது சிறிய பதிலீடு இல்லை. சர்க்கரை வந்தால் மெலியாய்டோசிசும் காசநோயும் பின்னால் வரும். அசதியோப்ரினின் இடத்தைப் பிடித்த மைகோஃபினலேட் வயிற்றுப்போக்கு தரும். வெயில் காலத்தில் நாலைந்து தடவை போனாலே நீர் வற்றிக் கிரியேட்டினின் ஏறும். வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் லெவலும் உயர்ந்து நஞ்சு கூடும். மைகோஃபினலேட் கருவைச் சிதைக்கும், காதும் உதடும் குறைபட்ட குழந்தைகளைப் பிறப்பிக்கும் என்பதால் பிள்ளை வேண்டும் பெண் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே பழைய அசதியோப்ரினுக்குத் திரும்ப வேண்டும். டாக்ரோலிமஸ், மைகோஃபினலேட் இரண்டின் கூட்டு வலிமை பி.கே. வைரசை வெளிக்கொண்டுவந்தது. 1971இல் லண்டனில் ஒரு சூடான் நாட்டு நோயாளியிடம் கண்டறியப்பட்ட அந்த வைரஸ் பெரும்பாலோரின் சிறுநீர்ப் பாதையில் தூங்குகிறது. விழித்தால் மறுப்பைப் போலவே கிரியேட்டினினை ஏற்றும். மறுப்பென்று நினைத்து மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம் போய்விடும். செய்ய வேண்டியது மருந்தைக் குறைப்பது. திசு எடுத்துப் பார்க்காமல் இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது.

புற்றைப் பொறுத்தவரை, 1960களின் இறுதியில் டென்வரில் இஸ்ரேல் பென் என்ற மருத்துவர் தொகுக்கத் தொடங்கிய பதிவேடு தோல் புற்றை முதலிடத்தில் வைத்தது. கறுத்த தோலுள்ள இந்தியரிடம் அது அரிது. நிணநீர்ப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றுமே இங்கு கவனத்துக்குரியவை.

2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் சிறுநீரக மாற்றை ஏழைகளின் கைக்கெட்டச் செய்தன. அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. சுமார் 40 கிலோமீட்டரில் ஜிப்மரும் மாற்று அறுவை செய்யத் தொடங்கியது. பணமில்லாமல் மருந்தை நிறுத்துவது குறைந்தது. வழியில்லாமல் நிற்பது தொடர்ந்தது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது மாதாந்திர மாத்திரைக்காகச் சென்னை போக வழியில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டது, ரயில்கள் நின்றன. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையைத் தென்பெண்ணை மூழ்கடித்தது. டாக்ரோலிமஸை இரண்டு மூன்று நாள் நிறுத்தினாலே மறுப்புக்கு வாசல் திறக்கும். மாதக் கடைசியில் வெறும் அட்டையோடு இருப்பவருக்கு அந்த வாரம் போதும்.

எல்லாவற்றையும் கடந்துவந்த சிறுநீரகமும் நிரந்தரமல்ல. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வந்தது சராசரியாகப் பத்து ஆண்டு அளவிலும், உயிருள்ளவரிடமிருந்து வந்தது பதினைந்து ஆண்டு அளவிலும் உழைக்கிறது. மெல்ல வடுவாகி ஓய்வதற்கு மருந்தின் நஞ்சே காரணமென்று நெடுநாள் நம்பினார்கள். விட்டு விட்டு மாத்திரை போடுவதால் உருவாகும் எதிர்பொருள்களின் பங்கு பெரிது என்பது பிறகு தெரிந்தது. ஓய்ந்த பின் நோயாளி டயாலிசிசுக்குத் திரும்புகிறார். இரண்டாம் மாற்றுக்கு முயன்றால் முதல் சிறுநீரகம் உடலில் விட்டுச்சென்ற எதிர்பொருள்கள் கிராஸ் மேட்சில் தடையாக நிற்கின்றன. அதனால் இரண்டாவது கொடையாளி கிடைப்பது முதலாமவர் கிடைத்ததைவிடக் கடினம்.